மலையாற்றில் தூண்டிலிட வரும் விருந்தினர்
கண்டிப் பகுதியின் ஆற்றோரக் கமக்காரருக்குச் சில அறிவுரைகள்

இலங்கையின் ஆறுகளுள் மிக நீளமானது மகாவலி கங்கை. மத்திய மலைநாட்டில் தோன்றும் இவ்வாறு, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை ஆகிய ஊர்களைக் கடந்து, கண்டி நகரை மேற்கிலும் வடக்கிலும் வளைத்துச் சென்று, பின்னர் கிழக்கே திரும்பி, 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலைக்குத் தெற்கே கடலிற் கலக்கிறது. இதன் கரையில் நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரர், ஆற்றை வயலுக்கு நீர் தரும் தாயாகவே அறிவர். அண்மைக் காலத்தில் இவ்வாற்றை வேறொரு நோக்குடன் நாடி வருவோரும் உளர். அவர்கள் தூண்டிற் கோலுடன் வரும் உள்நாட்டு வெளிநாட்டு விருந்தினர்.

இவ்விருந்தினர் ஆற்றங்கரையை அடைவதற்கு உங்கள் வயல் வரம்பையே வழியாகக் கொள்வர். எங்கே ஆழம், எங்கே சுழி, எந்த இடத்தில் மீன் நிற்கும் என்பவற்றை முதலில் உங்களிடமே கேட்பர். வழிகாட்டுதல், உணவு, தங்குமிடம் ஆகியவற்றால் உங்கள் வீட்டுக்குச் சிறு வருமானமும் கிடைக்கக்கூடும். ஆயினும் நீங்கள் அவருக்குச் சொல்லும் ஒரு சொல்லில் இரண்டு உயிர்கள் தங்கியிருக்கின்றன என்பதை மறத்தலாகாது. ஒன்று, திடீரென உயரும் நீரின் நடுவே பாறைமேல் நிற்கும் மனிதனின் உயிர். மற்றொன்று, உலகில் வேறெங்கும் காணப்படாத மீனினத்தின் உயிர். இவ்விரண்டையும் காத்து விருந்தினரை மகிழ்விக்கும் முறையை இத்துண்டுப் பிரசுரம் எடுத்துரைக்கிறது.

ஆறும் அணைகளும்

இன்றைய மகாவலி, நம் பாட்டனார் கண்ட மகாவலி அன்று. கண்டிக்கு வடக்கே பொல்கொல்லையில் 1976ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய தடுப்பணை, ஆற்று நீரின் ஒரு பகுதியை ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவெலை மின்னிலையத்துக்கு அனுப்புகிறது. அந்நீர் பின்னர் அம்பன் கங்கையின் வடிநிலத்தைச் சேர்ந்து, வட பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. கம்பளைக்கு மேலே கொத்மலை அணையும், தெல்தெனியாவுக்கு அண்மையில் விக்டோரியா அணையும் 1985ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தன. அதற்கும் கீழே ரந்தெனிகலை 1986இலும், ரந்தம்பை 1990இலும் நிறைவெய்தின. விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமுடையது. அதன் பின்னே தேங்கிய நீரில் பழைய தெல்தெனியா நகரம் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் மட்டம் தாழும்போது, அந்நகரின் கட்டிடச் சிதைவுகள் மீண்டும் வெளித்தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர்.

அணைகள் எழுந்தமையால் மீன்களின் வாழ்விடமும் இரண்டாகப் பிரிந்தது. பாறைகளுக்கிடையே குளிர்ந்து விரைந்து ஓடும் நீர் ஒன்று. காற்றுக்கு மட்டும் அசையும் ஆழ்ந்த தேங்குநீர் மற்றொன்று. முன்னதில் வாழும் மீன் பின்னதில் எளிதில் வாழாது. விக்டோரியா என்னும் பெயரே அணைக்கு, அவ்விடத்திலிருந்த விரைவோட்டத்தினால் வந்தது. அவ்விரைவோட்டம் இன்று நீரின் அடியில் உள்ளது. ஓடுநீரில் மட்டும் வாழ்ந்த மீன்கள் அத்தனை தூர இருப்பிடத்தை இழந்தன. எஞ்சியுள்ள ஓடுநீர்ப் பகுதிகளின் மதிப்பு அதனாலேயே உயர்ந்திருக்கிறது.

வந்த மீனும் ஊர் மீனும்

நம் நீர்நிலைகளில் உள்ள மீன்களை, வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து விடப்பட்டவை, இயற்கையாகவே இம்மண்ணில் தோன்றியவை என இருவகைப்படுத்தலாம். விருந்தினருக்கு நீங்கள் முதலில் விளக்கவேண்டியது இவ்வேறுபாடே.

வந்த மீன்களுள் தலையாயது திலாப்பியா. தமிழ்நாட்டில் இதனை ஜிலேபிக் கெண்டை என்பர். ஆபிரிக்காவின் மொசாம்பிக் திலாப்பியா 1952ஆம் ஆண்டில் நம் குளங்களில் விடப்பட்டது. நைல் திலாப்பியா 1975இல் வந்தது. இவை தேங்குநீரில் விரைந்து பெருகுவன. இன்று நன்னீர் மீன்பிடித் தொழிலுக்கு இவையே முதுகெலும்பாக உள்ளன. சாதாக் கெண்டை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைநாட்டு நீர்நிலைகளுக்குக் கொண்டுவரப்பட்டது. ரோகு, கட்லா, மிரிகால் ஆகிய இந்தியப் பெருங்கெண்டைகள் குஞ்சுகளாக நீர்த்தேக்கங்களில் விடப்படுகின்றன. இவற்றுள் எதனை ஒருவர் அளவறிந்து பிடித்து உண்டாலும் இயற்கைக்குக் கேடில்லை.

ஊர் மீன்களின் நிலை வேறு. அவற்றுள் இரண்டினை நீங்கள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது மஹசீர். சிங்களத்தில் இதனை லெஹெல்லா என்பர். ஆற்றின் விரைவோட்டங்களுக்குக் கீழுள்ள ஆழ்ந்த மடுக்களில் இது வாழும். கரையோர மரங்களிலிருந்து நீரில் விழும் பழங்களையும், நத்தை, நண்டு, சிறு மீன் முதலியவற்றையும் உண்ணும். தூண்டிலிற் பட்டதும் நீரோட்டத்தின் துணையோடு வலிந்து இழுத்தோடும் தன்மையால் தூண்டிற்காரர் இதனைப் பெரிதும் விரும்புவர். நீர் பெருகும் காலத்தில் ஆற்றின் மேற்பகுதிகளை நோக்கி ஏறிச் சரளைக் கற்களின் இடையே முட்டையிடும். நெடிதாய் வளர்வதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின் ஒரு பெரிய மஹசீரைக் கொல்வது, முதிர்ந்த பலாமரம் ஒன்றை ஒரு நாள் விறகுக்காக வெட்டுவதை ஒக்கும்.

இரண்டாவது, சிங்களத்திற் கடெயா எனப்படும் கரும்பச்சை நிற மீன். 1917ஆம் ஆண்டில் அறிவியலாளர் இதனை விவரித்து லேபியோ பிஷரி எனப் பெயரிட்டனர். மகாவலி வடிநிலத்தின் மேற்பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் இம்மீன் இல்லை. பாறைகளின் மேற் படர்ந்திருக்கும் பாசியைத் தன் கீழ்நோக்கிய வாயினாற் சுரண்டி உண்ணும். ஆகவே ஒளி புகும் தெளிந்த ஓடுநீரும் தூய்மையான பாறையும் இதற்கு இன்றியமையாதவை. அணைகள் அதன் பாறைகளை மூழ்கடித்தன. மலைச்சரிவிலிருந்து கழுவப்பட்டு வரும் சேறு எஞ்சிய பாறைகளை மூடுகிறது. அழியும் ஆபத்திலுள்ள இனமாக இது இன்று கணிக்கப்பட்டுள்ளது.

விலாங்கினையும் இவ்விடத்திற் குறிப்பிடல் தகும். மலையாற்றிற் காணும் விலாங்கு ஆற்றிற் பிறந்ததன்று. அது கடலிற் பிறந்து, சிறு குஞ்சாக ஆற்று முகத்தினுட் புகுந்து, மேலே ஏறி வந்தது. பல ஆண்டுகள் ஆற்றில் வளர்ந்தபின் முட்டையிட மீண்டும் கடலுக்கே செல்லும். இடையிடையே அணைகள் நிற்கும் ஆற்றில் இப்பயணம் எத்துணை அரிதென்பதை எண்ணிப் பாருங்கள். தூண்டிலில் விலாங்கு அகப்படின் அதனையும் விட்டுவிடுதலே முறை.

மீனை அடையாளம் காணும் வழி

பிடித்த மீன் வந்த மீனா, ஊர் மீனா என்பதை அறியாமல் விதியைக் கடைப்பிடித்தல் இயலாது. பின்வரும் குறிகள் எளியவை.

திலாப்பியாவின் முதுகில் ஒரே நீண்ட துடுப்பு உண்டு. அதன் முன் பாதியில் ஊசி போன்ற முட்கள் வரிசையாக நிற்கும். தொட்டாற் குத்தும். நைல் திலாப்பியாவின் வாலில் மேலிருந்து கீழாகக் கோடுகள் வரிசையாகக் காணப்படும்.

சாதாக் கெண்டைக்கும் மஹசீருக்கும் வாயருகே இரண்டு இணை மீசைகள் உண்டு. இதனாற் பலர் இவ்விரண்டையும் மாறி உணர்வர். முதுகுத் துடுப்பை நோக்குக. சாதாக் கெண்டையின் முதுகுத் துடுப்பு, முதுகின் நடுவிலிருந்து வாலை நோக்கி நெடுந்தூரம் தொடரும். மஹசீரின் முதுகுத் துடுப்போ குறுகிய அடியுடன் முக்கோணமாக நிமிர்ந்து நிற்கும். மஹசீரின் செதில்கள் நாணயம் போற் பெரியவை. உதடுகள் தடித்தவை.

கடெயாவும் ரோகுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இளம் பருவத்தில் இவற்றைப் பிரித்தறிதல் பழகியவர்க்கும் கடினம். ஆகவே இடத்தைக் கொண்டு முடிவு செய்க. நீர்த்தேக்கத்தின் நடுவிற் பிடிபட்ட பெரிய மீன் ரோகுவாக இருக்கலாம். பாறைகளிடையே ஓடும் நீரில் அகப்பட்ட கருநிற மீனைக் கடெயாவென்றே கொண்டு விட்டுவிடுக.

ஒரு சாணுக்குக் குறைந்த எந்த மீனையும் வைத்துக்கொள்ள வேண்டா. நம் ஓடைகளில் உள்ள சிறு மீன்களுட் பல இலங்கைக்கே உரியவை. வளர்ந்த நிலையிலும் அவை விரலளவே இருக்கும். சுருங்கச் சொல்லின், ஐயமற்றதே கூடைக்கு, ஐயமுள்ளது ஆற்றுக்கு.

தூண்டிலும் இரையும்

நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடிப்பதற்கு நுணுக்கமான கருவிகள் வேண்டியதில்லை. மூங்கிற் கோல், மெல்லிய நூல், தக்கை, சிறிய ஈயக்குண்டு, சிறு தூண்டில் முள் ஆகியவை போதும். அதன் வாய் சிறிதாகையாற் பெரிய முள் பயன்படாது. மண்புழு, பாண், பிசைந்த கோதுமை மா ஆகியவை ஏற்ற இரைகள். நீர்ப்பூண்டு வளர்ந்த கரையின் ஓரமாக, ஓரிரு மீற்றர் ஆழத்தில், காலையிலும் மாலையிலும் இடுதல் நன்று. சாதாக் கெண்டைக்கு மா உருண்டையை நிலத்தில் அமர்ந்திருக்கும்படி இடுக. அது அடிச்சேற்றைக் கிண்டி உண்பது.

மஹசீரை நாடி வருவோர் சுழலும் உலோகத் தகட்டையோ, இறகினாற் செய்த ஈயையோ பயன்படுத்துவர். அவர்களிடம் மூன்று செய்திகளைத் தெரிவியுங்கள். ஒன்று, ஒற்றை முள்ளையே பயன்படுத்துதல் வேண்டும். மூன்று முட்கள் சேர்ந்த தூண்டில் மீனின் கண்ணையும் செவுளையும் கிழிக்கும். இரண்டு, முள்ளின் கூருக்குக் கீழேயுள்ள சிறு எதிர்முள்ளைக் குறட்டினால் அமுக்கிவிடுதல் வேண்டும். அப்போது முள் காயமின்றிக் கழலும். மூன்று, நூல் வலியதாயிருத்தல் வேண்டும். மெல்லிய நூலுடன் நெடுநேரம் போராடிக் கரை சேர்ப்பதே திறமையெனச் சிலர் கருதுவர். அவ்வாறு களைத்த மீன், நீந்திச் சென்றபோதிலும் பின்னர் இறந்துபோதல் உண்டு.

காலத்தைப் பொறுத்தவரை, தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையும், இடைப்பருவ மழை பெய்யும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஆறு கலங்கிப் பெருகும். தைக்குப் பின் பங்குனி வரையுள்ள காலத்தில் நீர் தெளிந்து தாழ்ந்திருக்கும். தூண்டிலுக்கு அதுவே ஏற்ற காலம்.

சிலர் தறவுட்டு மீனைக் கேட்பர். அம்மீன் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆங்கிலேயராற் கொண்டுவரப்பட்டது. குளிர்ந்த நீரன்றி அது வாழாது. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அதனைத் தேடுதல் வீண். நுவரெலியாவின் உயர்ந்த ஓடைகளுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்குமே அது உரியது. ஹோர்ட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு முதல் தேசிய பூங்காவாகையால் அங்கே தூண்டிலிட இயலாது. அச்சமவெளியின் ஓடைகளில் மட்டுமே வாழும் ஒரு சிறு இறாலினத்துக்கு இத்தறவுட்டு மீனாற் கேடு விளைந்துள்ளது. வந்த மீன் ஊர் உயிரை உண்ணும் என்பதற்கு இஃதொரு சான்று.

மீனைத் திரும்ப விடும் முறை

மீனை நீரில் எறிந்துவிடுதல் விடுதலாகாது. அது உயிருடன் செல்லும்படி விடுதலே விடுதல். அதன் முறை வருமாறு:

கையை முதலில் நீரில் நனைத்துக்கொள்க. உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பான படலத்தை உரித்துவிடும். அப்படலமே நோய்க் கிருமிகளை மீனினுட் புகவிடாது தடுக்கும் காப்பு. மீனைக் கரைமணலில் இழுத்துப் போடாது, இயன்றவரை நீரினுள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுக. செவுளினுள் விரலை விடாதீர்கள். படம் எடுக்க விரும்பின், எல்லாவற்றையும் ஆயத்தம் செய்தபின், நீங்கள் மூச்சை அடக்கக்கூடிய நேரத்துக்கு மேல் மீனை வெளியே வைக்காதீர்கள். பின்னர் மீனின் தலை நீரோட்டத்தை எதிர்நோக்கியிருக்கும்படி இரு கைகளாலும் தாங்கிப் பிடிக்க, நீர் வாயினுட் புகுந்து செவுள் வழியே வெளியேறும். மீன் தானே வாலை அசைத்துக் கையைவிட்டு நீங்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். உச்சி வெயிலில் நீர் சூடேறி, அதிலுள்ள பிராணவாயு குறைந்திருக்கும். அந்நேரத்தில் விடப்படும் மீன் பிழைத்தல் அரிது. ஆகவே மஹசீர் உள்ள மடுக்களிற் காலையில் மட்டும் தூண்டிலிடச் செய்யுங்கள்.

பிடித்த மீனை உயிருடன் எடுத்துச் சென்று வேறோர் ஆற்றில் விடுதலும் தவறு. நன்மை கருதிச் செய்த இத்தகைய செயலினாற் காவிரியில் நேர்ந்ததை அறிந்துகொள்ளுங்கள். அவ்வாற்றுக்கே உரிய திமில் முதுகு மஹசீர் ஒன்று இருந்தது. வேறிடத்துப் பொரிப்பகத்தில் வளர்க்கப்பட்ட மற்றொரு மஹசீர் இனத்தின் குஞ்சுகள் 1970களின் இறுதி முதற்கொண்டு காவிரியில் விடப்பட்டன. விடப்பட்ட இனம் பெருகியது. ஊர் இனம் அருகியது. 2018ஆம் ஆண்டில் அத்திமில் முதுகு மஹசீர் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. மீன் தொட்டிகளில் வளர்த்துச் சலித்தபின் ஆற்றில் விடப்படும் அலங்கார மீன்களும் இவ்வாறே கேடு செய்வன. தென்னமெரிக்காவிலிருந்து வந்த கவசமுள்ள கெளுத்தி வகை, நம் நாட்டு நீர்த்தேக்கங்கள் சிலவற்றிற் பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. அது தூண்டிலில் அகப்படின் திரும்ப விடலாகாது.

நீர் உயரும் ஆபத்து

மழை பெய்தால் ஆறு பெருகும் என்பது பழைய அறிவு. அணைகள் உள்ள ஆற்றில் அவ்வறிவு மட்டும் போதாது. வானம் தெளிந்திருக்கும்போதும் நீர் உயரலாம். கொத்மலை மின்னிலையம் இயங்கத் தொடங்கும்போது அங்கிருந்து வெளிவரும் நீர் கம்பளை வழியாகப் பேராதனையை நோக்கி வரும். மேலே பெய்த மழையினால் அணை நிரம்பின் வான்கதவுகள் திறக்கப்படும். பொல்கொல்லைக்குக் கீழே நிலை இன்னும் கவனத்துக்குரியது. வரண்ட காலத்தில் நீர் சுரங்கத்தின் வழியே திருப்பப்படுவதால், அங்கே ஆற்றின் பாறைகள் பல வெளியே தெரியும். நடுவாறுவரை நடந்து செல்லலாம் போலத் தோன்றும். தடுப்பணையின் கதவு திறந்தால் அப்பாறைகளைச் சுற்றி நீர் சூழ்ந்துவிடும். திரும்பி வரும் வழியே முதலில் மூழ்கும்.

இவ்வாபத்தை விருந்தினர் அறியார். நீங்களோ அறிவீர்கள். ஆகவே பின்வருவனவற்றைச் செய்க.

புறப்படுமுன், கதவு திறக்கும் அறிவித்தல் ஏதும் உண்டா என்பதை அணை அலுவலகத்திலோ கிராம அலுவலரிடமோ விசாரியுங்கள். எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால், மீன் தூண்டிலில் இருந்தாலும் நூலை அறுத்துவிட்டு மேடேறச் செய்யுங்கள். நீரின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். நீர் குச்சியைக் கடந்தாற் பேச்சுக்கு இடமில்லை. உடனே வெளியேறுதல் வேண்டும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், ஆற்றின் இரைச்சல் மாறுதல் ஆகியவை நீர் வருவதற்கு முன்னறிகுறிகள். நடுவாற்றுப் பாறையில் நின்று தூண்டிலிட எவரையும் விடாதீர்கள். உறுதியான கயிறு ஒன்றை எப்போதும் கரையில் ஆயத்தமாக வைத்திருங்கள். நீரில் வீழ்ந்தவரைக் காக்கக் குதித்தவரும் மாண்டுபோவது பலவிடங்களிற் கண்ட செய்தி. முதலிற் கயிற்றை எறிக. கயிறில்லையேல் நீண்ட மூங்கிலை நீட்டுக.

நீர்த்தேக்கத்தின் கரையும் பாதுகாப்பானதென எண்ணலாகாது. நீர் வற்றியபோது வெளித்தோன்றும் சேற்றுநிலம் மேலே காய்ந்தும் உள்ளே இளகியும் இருக்கும். அதில் இறங்கினோர் இடுப்பளவு புதைதல் உண்டு. ஆற்றில் மணல் அகழ்ந்த குழிகளும் கண்ணுக்குப் புலனாகா.

எலிக்காய்ச்சலைப் பற்றியும் எச்சரியுங்கள். வயலிலும் வாய்க்காலிலும் வேலை செய்யும் உங்களுக்கு இந்நோய் புதிதன்று. 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் இந்நோய் பெருவாரியாகப் பரவியது. காலிற் புண்ணுள்ளவர் சேற்று நீரில் இறங்காதிருத்தல் வேண்டும். ஆற்றிலிருந்து திரும்பியபின் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், நீரில் இறங்கியதை மருத்துவரிடம் மறவாது கூறவேண்டும்.

அனுமதியும் தவிர்க்கவேண்டிய இடங்களும்

எல்லா நீரும் எல்லார்க்கும் திறந்ததன்று. விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த நிலம் 1987ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக்கப்பட்டது. நக்கிள்ஸ் மலைத்தொடர் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளது; 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பகுதியாக ஏற்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஓர் உறுப்பு அது. அணைகளை அண்டிய பகுதிகள் மகாவலி அதிகாரசபையின் கட்டுப்பாட்டில் உள்ளன. நன்னீர் மீன்பிடித்தல் தொடர்பான அலுவல்களைத் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை கவனிக்கிறது. விருந்தினர் வருவதற்கு முன்னரே உரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்றுக்கொள்வது நன்று. வெடி வைத்தலும் நஞ்சிடுதலும் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்படி குற்றமாகும். அவற்றைக் காணின் அறிவித்தல் உங்கள் கடமை.

கண்டி நகரின் நடுவிலுள்ள ஏரி, கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனால் 1807ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. தலதா மாளிகையின் முன்றிலில் விளங்கும் அந்நீரில் தூண்டிலிடல் தகாது. எசல பெரஹராவின் முடிவில் நீர்வெட்டுச் சடங்கு நிகழும் கெட்டம்பைத் துறையையும், ஊரார் நீராடும் ஏனைய துறைகளையும் விட்டு விலகிச் செல்க. போயா நாளில் தூண்டிலை எடுக்காதிருத்தல் நம் அயலவரின் மனத்துக்கு மதிப்பளிப்பதாகும். உயிர்க்கொலை பற்றிய மத உணர்வு காரணமாக 1990 முதல் 1994 வரை அரசாங்கமே நன்னீர் மீன்பிடித் தொழிலுக்கு அளித்துவந்த ஆதரவை நிறுத்தியிருந்தது. இதிலிருந்து இவ்வுணர்வின் ஆழத்தை விருந்தினர் அறிந்துகொள்ளலாம்.

நீர்த்தேக்கங்களில் வலையிட்டுப் பிழைப்போரும் உளர். அவர்களது வலையின் மிதப்புகளைக் கண்டால் அப்பாற் செல்லவேண்டும். விளையாட்டுக்காக வந்தவர், பிழைப்புக்காக உழைப்பவரை இடையூறு செய்தலாகாது.

கமக்காரர் தாமே செய்யவேண்டியவை

விருந்தினருக்கு அறிவுரை கூறும் நாம், ஆற்றுக்கு நாம் செய்வதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மீன் இல்லாத ஆற்றுக்கு விருந்தினர் வாரார். மீன் குறைவதற்குத் தூண்டிலினும் மண்வெட்டியும் மருந்துத் தாங்கியும் பெரிய காரணங்களாகலாம்.

மருந்து தெளிக்கும் கருவியை ஓடையிற் கழுவாதீர்கள். கழுவிய நீரை வயலின் உட்புறத்திலேயே ஊற்றுங்கள். வெறும் போத்தல்களை ஆற்றில் எறியாதீர்கள். பூச்சி மருந்துகளுட் பல மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லவல்லவை. மழை வரும் அறிகுறி இருக்கும்போது மருந்து தெளித்தால், பூச்சியும் சாகாது, மருந்தும் ஆற்றைச் சேரும், பணமும் வீணாகும்.

சரிவு நிலத்தைச் சம உயர வரம்பும் வடிகானும் இன்றிக் கொத்தாதீர்கள். மண் பாதுகாப்புச் சட்டம் 1951ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. வயலை விட்டுப் போகும் மேல்மண் உங்களுக்கு நட்டம். அதே மண், ஆற்றில் மஹசீர் முட்டையிடும் சரளையின் இடைவெளிகளை அடைத்து முட்டைகளை மூச்சடைக்கச் செய்கிறது. கடெயா உண்ணும் பாசியை மூடுகிறது. அணையின் கொள்ளளவையும் குறைக்கிறது. ஒரு கூடை மண் மூன்று இடங்களில் நட்டம் விளைக்கிறது.

ஆற்றோரத்து மருதமரங்களையும் மூங்கிற் புதர்களையும் வெட்டாது விடுங்கள். அவற்றின் வேர் கரையைக் காக்கும்; நிழல் நீரைக் குளிர்விக்கும்; விழும் பழமும் பூச்சியும் மீனுக்கு உணவாகும். வெட்டிய இடங்களில் மருதங்கன்றுகளை மழைக்காலத் தொடக்கத்தில் நடலாம்.

விருந்தினரின் காலணியும் வலையும் வேறு நீர்நிலையிலிருந்து வந்தவையாயின், அவற்றைக் கழுவி உலர்த்தியபின்னரே நம் ஆற்றில் இறங்கச் செய்யுங்கள். ஆகாயத்தாமரை 1905ஆம் ஆண்டில் அழகுக்காகவே இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. நான்கு ஆண்டுகளில், 1909இல், அதனை ஒழிக்கத் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. ஒரு சிறு துண்டுப் பூண்டு ஒரு குளத்தை மூடிவிடும்.

வழியையும் முன்னரே வகுத்துக்கொள்ளுங்கள். நாற்றுமேடையையும் புது வரம்பையும் மிதிக்காத ஒரு பாதையைக் குச்சி நட்டுக் காட்டுங்கள். கூலியைப் பொறுத்தவரை, வழிகாட்டும் நாளுக்கும் உணவுக்கும் பேசிக்கொள்ளுங்கள். கொன்ற மீனின் எண்ணிக்கைக்குப் பேசாதீர்கள். மீனுக்கு விலை பேசும் வழிகாட்டி, ஆண்டுதோறும் குறையும் சரக்கை விற்பவனாவான். ஆற்றைக் காட்டிக் கூலி பெறுபவனுக்கு அதே மஹசீர், விடப்படும் தோறும், மீண்டும் மீண்டும் வருமானம் தரும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. அனுமதி பெற்றபின்னரே தூண்டிலிடச் செய்க.
2. திலாப்பியா, சாதாக் கெண்டை முதலிய வந்த மீன்களை எடுத்துக்கொள்ளலாம்.
3. மஹசீர், கடெயா, விலாங்கு ஆகியவற்றையும், சாணுக்குக் குறைந்த எல்லா மீன்களையும் விட்டுவிடுக.
4. ஒற்றை முள், அமுக்கிய எதிர்முள், நனைந்த கை ஆகிய மூன்றும் கட்டாயம்.
5. மீனை ஓர் ஆற்றிலிருந்து மற்றோர் ஆற்றுக்குக் கொண்டு செல்லற்க.
6. நீரோரத்தில் குச்சி நட்டு நீர்மட்டத்தை அவதானிக்க. சங்கு ஒலித்தால் உடனே மேடேறுக.
7. கயிறின்றி ஆற்றுக்குச் செல்லற்க.
8. மருந்துக் கருவியை ஓடையிற் கழுவற்க. கரை மரங்களைக் காக்க.

இவற்றுள் ஐயம் எழுந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறியுங்கள். இப்பிரசுரத்தைப் படித்தபின் ஆற்றோரத்தில் வாழும் அயலவருக்கும் கொடுத்து உதவுங்கள்.